ஆதித்தனாரும் தமிழ்நாடும்

நுழையும்முன்

ஒரு நிலப்பகுதியில் வாழும் மக்கள், தாம் வாழும் பெரிய நாட்டிலிருந்து பிரிந்துசெல்ல ஏன் விரும்புகின்றனர்? அவ்விருப்பம் சில இடங்களில் போராக மூள்வதும் சில இடங்களில் தேர்தல் களத்திலேயே தணிந்துவிடுவதும் எதனால்? இவ்வினாக்களுக்குத் தமிழகத்தின் அண்மைக்கால வரலாற்றில் விடை தேடுவோர், தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த சி. பா. ஆதித்தனாரின் வாழ்வைக் கடக்காமல் செல்ல இயலாது. நாளிதழ் நிறுவியவராகப் பலரும் அறிந்த அவரின் மற்றொரு முகத்தை இப்பாடம் கூறுகிறது.

முத்துக்குளித்துறை

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடியும், தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஊர்களும் அமைந்துள்ளன. பாண்டியரின் கொற்கைத் துறை இருந்ததும் இப்பகுதியில்தான். இக்கடலின் முத்துப்படுகைகளுக்காகவே பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரும், 1658இல் டச்சுக்காரரும், அவர்களுக்குப்பின் ஆங்கிலேயரும் இக்கரைக்கு வந்தனர். ஆட்சிகள் மாறினாலும் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் மாறவில்லை. மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலும் முத்துக்குளித்த தமிழருக்கு அக்கடல் எல்லையாக இருந்ததில்லை. அவர்கள் புழங்கும் முற்றமாகவே இருந்தது. தூத்துக்குடி வணிகக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சென்னையைவிடக் கொழும்பு அணுக்கமான ஊர். இரங்கூனும் சிங்கப்பூரும்கூட அவர்களுக்குத் தொலைவாகத் தோன்றவில்லை.

திருச்செந்தூரை அடுத்துச் செம்மணல் மேடுகளும் பனைகளும் நிறைந்த தேரிக்காட்டுப் பகுதியில் உள்ள ஊர் காயாமொழி. அங்கே 1905ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சிவந்தி ஆதித்தர், கனகம் அம்மையார் ஆகியோரின் மகனாகப் பிறந்தார் பாலசுப்பிரமணியன். சிவந்தி பாலசுப்பிரமணிய ஆதித்தன் என்ற முழுப்பெயர் பின்னாளில் சி. பா. ஆதித்தனார் என்று சுருங்கி வழங்கிற்று.

திருச்சிராப்பள்ளிப் புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே அவருக்கு அச்சுத்தொழிலில் நாட்டம் இருந்தது. பின்னர் இலண்டனுக்குச் சென்று மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். நாள்கூலி பெறும் உழைப்பாளரும் காலையில் ஒரு செய்தித்தாளை வாங்கிப் படிக்கும் வழக்கத்தை அந்நகரில் அவர் கண்டார். தம் ஊர்ப் பனையேறியும் மீனவரும் வண்டிக்காரரும் அவ்வாறு படிக்கும் நாள் வருமா என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது.

படிப்பு முடிந்தபின் சிங்கப்பூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார், கோவிந்தம்மாளை மணந்தார். துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழர் பலரை அங்கு அவர் அறிந்திருந்தார். கடல் கடந்து உழைக்கும் தமிழருக்கு இன்னல் நேர்ந்தால், அவர்களுக்காகப் பேச எந்த அரசும் இல்லையே என்ற ஏக்கம் அவருடைய பிற்கால அரசியலில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. இரண்டாம் உலகப்போரில் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அந்தப் போர்ச் சூழலில் ஆதித்தனார் தாயகம் திரும்பினார்.

எளிய மக்களின் நாளிதழ்

ஊர் திரும்பியவர் வழக்குமன்றத்தை நாடவில்லை. மதுரையில் இதழ்கள் சிலவற்றைத் தொடங்கிய அவர், 1942 நவம்பர் முதல் நாளில் நாளிதழ் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். அதுவே இன்றைய தினத்தந்தி. போர்க்காலத்தில் அச்சுத்தாள் கிடைப்பது அரிதாக இருந்தது. வைக்கோலை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் தாள் செய்து அதில் இதழை அச்சிட்டார். நிறம் மங்கிய அத்தாளில் எழுத்து சரியாகப் பதியாத நாள்களும் இருந்திருக்கும். ஆயினும் இதழ் நிற்கவில்லை.

அக்காலத்து நாளிதழ்களின் நடை கற்றவருக்கே உரியதாக இருந்தது. ஆதித்தனார் அதனை மாற்றினார். சிறுசிறு தொடர்கள், பெரிய தலைப்புகள், படங்கள் என அவர் வகுத்த முறை, எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் இதழின்பால் ஈர்த்தது. தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்டனர். செய்தி எழுதும் முறையைக் கற்பிக்கும் இதழாளர் கையேடு ஒன்றையும் அவர் எழுதினார். பேச்சுத் தமிழின் எளிமையைக் கொள்ள வேண்டும், அதன் கொச்சையைத் தள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. புலமையுடையோர் சிலர் இந்நடையை எள்ளினர். எழுத்தறிவு குறைந்திருந்த ஒரு நாட்டில் செய்தியை அரண்மனையிலிருந்து தெருவுக்கு இறக்கிய அச்செயலின் அருமையை அவர்கள் உணரவில்லை என்றே கூற வேண்டும்.

இதழின் வெற்றியும் அவருடைய அரசியலும் வேறுவேறல்ல. மொழியால் ஒன்றுபட்ட மக்கள் கூட்டம் தன்னை ஓர் இனமாக உணர வேண்டுமானால், ஊர்தோறும் ஒரே செய்தியை ஒரே நாளில் படிக்கும் பழக்கம் வேண்டும். நெல்லையில் நிகழ்ந்ததைச் சேலத்தாரும், கோவையில் நிகழ்ந்ததைத் தூத்துக்குடியாரும் அறிந்து பேசும் நிலையை அந்நாளிதழ் உருவாக்கியது.

தனிநாட்டுக் கோரிக்கையின் வேர்கள்

பிரிவினை எண்ணம் ஆதித்தனாரிடம் தொடங்கியதன்று. 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பே அதன் முதல் ஊற்று. அப்போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். தமிழ்நாடு தமிழருக்கே உரியது என்ற முழக்கத்தைப் பெரியார் அக்காலத்தில்தான் எழுப்பினார். அது பின்னர்த் தென்னிந்தியா முழுவதையும் தழுவிய திராவிட நாட்டுக் கோரிக்கையாக விரிந்தது. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் அக்கோரிக்கையைத் தன் கொள்கையாகக் கொண்டது.

மொழி அச்சம் மட்டுமே காரணமன்று. விடுதலைக்குப்பின் பெருந்தொழில்களும் ஐந்தாண்டுத் திட்ட முதலீடுகளும் வடக்கே குவிகின்றன என்ற மனக்குறை பரவியிருந்தது. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை தாமதமாகிக்கொண்டே போனது இம்மனக்குறைக்கு இப்பகுதியில் உருவம் கொடுத்தது. பெரிய கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட, தோணிகளில் சரக்கை ஏற்றியிறக்கிய துறை அது.

மூன்றாவது காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. 1948இல் விடுதலை பெற்ற இலங்கை, அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளரான தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958 மே மாதத்தில் கலவரம் மூண்டு தமிழர் பலர் உயிரிழந்தனர். கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும் தோட்டங்களில் உறவினரை உடையவர்களும் நிறைந்த இக்கடற்கரைக்கு அச்செய்தி வேற்று நாட்டுச் செய்தியாக வந்து சேரவில்லை. வீட்டுத் துயரமாகவே வந்தது.

நாம் தமிழர் இயக்கம்

நாடு விடுதலை பெறுமுன்பே தமிழருக்கெனத் தனியரசு வேண்டும் என்ற கருத்துடன் இயங்கிய ஆதித்தனார், 1958இல் நாம் தமிழர் இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய நோக்கு திராவிட நாட்டுக் கோரிக்கையிலிருந்து வேறுபட்டது. ஆந்திரம், கன்னடம், கேரளம் ஆகிய பகுதிகளின் மக்கள் திராவிட நாட்டை விரும்பிக் கேட்கவில்லை. 1953இல் ஆந்திர மாநிலமும், 1956 நவம்பர் முதல் நாளில் ஏனைய மொழிவழி மாநிலங்களும் அமைந்தபின் அக்கோரிக்கைக்கு அங்கெல்லாம் பற்றுக்கோடே இல்லாமற் போயிற்று. ஆகவே தமிழர் வாழும் நிலத்தை மட்டும் இணைத்த நாடு என்பதே இயல்பானது என்று ஆதித்தனார் கருதினார். இலங்கையின் தமிழ்ப் பகுதிகளையும் அவர் அதில் சேர்த்தெண்ணினார். முத்துக்குளித்துறையில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவருக்குத் தமிழர் நிலம் இராமேசுவரத்தோடு முடிந்துவிடவில்லை.

மொழிவழி மாநிலப் பிரிப்பு தமிழருக்கு மனநிறைவையும் மனக்குறையையும் ஒருங்கே தந்திருந்தது. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே தங்கிவிட்டன. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13இல் உயிர்நீத்தார். அவர் இறந்த பின்னரும் மாநிலத்தின் பெயர் சென்னை என்றே நீடித்தது.

1960 ஜூன் மாதத்தில், தமிழ்நாடு நீங்கலாக உள்ள இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தார். ஆதித்தனாரும் அதில் இணைந்து நின்று கைதானார். ஆயுதம் ஏந்தாத போராட்டம் அது. எனினும் ஒரு நாட்டின் வரைபடத்தை எரிப்பது, அந்நாட்டை நேசிக்கும் பிறர் உள்ளத்தைப் புண்படுத்தும் செயல் என்பதையும் இங்கு மறைக்க வேண்டியதில்லை.

கோரிக்கையில் விடைகாணாத வினாக்களும் இருந்தன. தமிழ்நாட்டின் எல்லைக்குள் தெலுங்கும் கன்னடமும் உருதும் சௌராட்டிரமும் பேசுவோர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். தூத்துக்குடிக்கு அருகேயுள்ள பாஞ்சாலங்குறிச்சியையும் எட்டயபுரத்தையும் ஆண்ட பாளையக்காரரின் வீட்டுமொழி தெலுங்கு. அவ்வாறிருந்தும் ஆங்கிலேயரை எதிர்த்த வீரபாண்டிய கட்டபொம்மனைத் தமிழர் தம் வீரராகவே போற்றுகின்றனர். மொழியால் வகுக்கப்படும் ஒரு தனிநாட்டில் இத்தகையோரின் இடம் எது? பிற மாநிலங்களில் ஊற்றெடுத்து வரும் காவிரி நீருக்கு யார் பொறுப்பு? இலங்கையின் நிலத்தை எவ்வாறு இணைப்பது? இவற்றுக்கு அன்றைய மேடைகளில் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை.

1962 முதல் 1967 வரை

1952, 1957 ஆகிய இரு பொதுத்தேர்தல்களிலும் ஆதித்தனார் தம் வட்டாரத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால் 1962இல் தனிநாட்டுக் கொள்கையுடன் களம் கண்ட நாம் தமிழர் இயக்கத்துக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளும், மதிய உணவும், அணைகளும் மக்களுக்கு அரசின்மீது நம்பிக்கை ஊட்டியிருந்தன. மொழி உரிமையை விரும்பிய வாக்காளர் அனைவரும் பிரிவினையை விரும்பினர் என்று கொள்வதற்கில்லை என்பதை அத்தேர்தல் காட்டியது.

அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. நாட்டைக் காக்கும் உணர்ச்சி தெற்கிலும் பொங்கியது. 1963இல் இயற்றப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் பதினாறாம் திருத்தம், தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதியேற்க வேண்டும் என்று விதித்தது. பிரிவினையை வலியுறுத்திக்கொண்டே வாக்குக் கேட்கும் வழி அதனோடு அடைபட்டது. திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அறிவித்தது. ஆதித்தனாரும் வந்து நின்ற முடிவு இதுவே. சட்டத்தை மீறிச் சிறுகுழுவாக ஒதுங்குவதா, சட்டத்துக்குள் நின்று பெறக்கூடியதைப் பெறுவதா என்ற வினாவுக்கு அவர் இரண்டாவதையே விடையாகக் கொண்டார். இதனைப் பின்வாங்கல் என்று குறைகூறியோரும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்த கனவை ஒருவர் தம் கையாலேயே மடித்து வைப்பது எளிதன்று.

1965இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நாள் நெருங்கியபோது மாணவர் போராட்டம் வெடித்தது. உயிர்கள் பல பலியாயின. இருமொழியும் நீடிக்கும் என்ற உறுதியை நடுவணரசு அளித்த பின்னரே அமைதி திரும்பியது. அதன் விளைவை 1967 தேர்தல் காட்டியது. திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. அக்கட்சியுடன் இணைந்து திருவைகுண்டத்தில் வென்ற ஆதித்தனார், மார்ச் 17இல் சட்டப்பேரவைத் தலைவரானார்.

பேரவைத் தலைவர்

தனிநாடு கேட்டுச் சிறை சென்றவர், இந்திய அரசமைப்பின்கீழ் அமைந்த அவையை நடத்தும் இருக்கையில் அமர்ந்தார். திருக்குறளுடன் அவை தொடங்கும் வழக்கம் அவர் காலத்தில் வந்தது. சட்டம் பயின்ற தெளிவும் இதழாளரின் சொற்சுருக்கமும் அப்பணியில் அவருக்குத் துணைநின்றன.

1967 ஜூலை 18ஆம் நாள், மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் தீர்மானத்தை முதலமைச்சர் அண்ணா அவையில் முன்மொழிந்தார். முன்னர் இத்தகைய கோரிக்கையைத் தோற்கடித்த காங்கிரசு உறுப்பினரும் இம்முறை எதிர்க்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவிக்கும் பேறு பேரவைத் தலைவரான ஆதித்தனாருக்கு வாய்த்தது. அண்ணா மும்முறை தமிழ்நாட்டை வாழ்த்தி முழங்க, கட்சி வேறுபாடின்றி உறுப்பினர் அனைவரும் உடன் முழங்கினர். எந்தப் பெயரில் ஒரு தனிநாட்டைக் கனவு கண்டாரோ, அந்தப் பெயர் ஒரு மாநிலத்தின் பெயராக அவர் கண்முன் பிறந்தது. அன்று அவர் உள்ளத்தில் நிறைவு மிகுந்திருந்ததா, இழப்பு மிகுந்திருந்ததா என்பதை நாம் எண்ணிப் பார்க்கத்தான் முடியும். நாடாளுமன்றம் 1968இல் இதற்கெனச் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14ஆம் நாள் பொங்கலன்று புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது.

1968 ஜனவரி 23இல் தமிழும் ஆங்கிலமுமே பள்ளிகளில் கற்பிக்கப்படும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் அவர் தலைமையிலான அவையிலேயே நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் பேரவைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர்க் கூட்டுறவுத் துறை அமைச்சராகப் பணியாற்றினார்.

தனிநாடு என்ற சொல் மறைந்த இடத்தில் மாநிலத் தன்னாட்சி என்ற சொல் வந்தமர்ந்தது. நடுவணரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையேயான அதிகாரப் பகிர்வை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராசமன்னார் குழு, 1971இல் அறிக்கை அளித்தது. 1974இல் சட்டப்பேரவை தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. தெற்கு புறக்கணிக்கப்படுகிறது என்று கூறியோர் சுட்டிய குறைகளுள் ஒன்றாவது அவ்வாறு தீர்ந்தது.

இரு கரைகள்

பிற இடங்களில் நிகழ்ந்ததையும் நோக்கினால்தான் இவ்வரலாற்றின் தன்மை விளங்கும். மிசோ மலைப்பகுதியில் மூங்கில் பூத்து எலிகள் பெருகிப் பயிரை அழித்ததால் 1959இல் பஞ்சம் வந்தது. துயர்நீக்கப் பணி போதவில்லை என்ற சினம் 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின், 1986இல் உடன்பாடு ஏற்பட்டு 1987இல் மிசோரம் தனி மாநிலமானது. முன்னரே கேட்டிருக்க வேண்டிய ஒரு குறையைக் கேளாமல் விட்டதற்கு இரு தரப்பும் கொடுத்த விலை மிகப் பெரிது.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. அங்குத் தமிழர் தலைவர்கள் முதலில் கேட்டது தனிநாடு அன்று, கூட்டாட்சியே. தலைமையமைச்சர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் 1957இல் செய்துகொண்ட உடன்பாடு மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1965இல் தலைமையமைச்சர் டட்லி சேனநாயக்காவுடன் செய்துகொண்ட மற்றோர் உடன்பாடும் நிறைவேறவில்லை. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது. இந்தியாவில் தனிநாடு கேட்டவர்கள் மாநில உரிமைக்கு வந்து சேர்ந்த காலத்தில், இலங்கையில் மாநில உரிமை கேட்டவர்கள் தனிநாட்டுக்குத் தள்ளப்பட்டனர். ஒரே மொழி பேசிய இரு கரைகளின் போக்கு இவ்வாறு எதிரெதிராயிற்று.

ஆதித்தனார் தம் இறுதிக்காலத்தில் இதழ்ப்பணியிலும், 1965இல் திருச்செந்தூரில் தொடங்கிய கல்லூரியின் வளர்ச்சியிலும் கருத்துச் செலுத்தினார். உயர்கல்விக்குத் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ செல்ல வேண்டியிருந்த கடலோரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அக்கல்லூரி வீட்டருகே வந்த வாயிலாயிற்று. ஆழ்கடல் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்துசெல்லத் தொடங்கியிருந்தன. முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது; சிப்பிப் படுகைகள் மீண்டும் செழிக்கவில்லை.

1981 மே 24ஆம் நாள் ஆதித்தனார் மறைந்தார். அதற்கு ஒரு வாரத்துக்குப்பின், மே 31ஆம் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்செய்தியை மறுநாள்களில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்டனர்.